இடிக்கு மிரளும் நாய், பூனை: இயற்கை வழிகளில் எது உதவும், எது உதவாது?

இடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாய்க்கோ பூனைக்கோ என்ன செய்யலாம் என்று தேடினால் ஏராளமான வழிகள் வந்து குவியும். இறுக்கமான சட்டை, வாசனை எண்ணெய், ஃபெரோமோன் (விலங்குகள் தங்களுக்குள் சைகை காட்டச் சுரக்கும் பொருள்) கருவி, அமைதி மாத்திரை, பூச்சொட்டு (பூக்களிலிருந்து செய்யும் மாற்று மருந்துச் சொட்டு), இசை, ஒலிப்பதிவுப் பயிற்சி. எல்லாவற்றின் மேலும் 'இயற்கையானது' என்ற ஒரே முத்திரை இருப்பதால் எல்லாமே ஒரே தரம் என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் இவற்றுக்குள் பெரிய இடைவெளி உண்டு. காசு கொடுத்து வாங்குபவை பெரும்பாலும் பின்வரிசையில் நிற்கின்றன. முன்வரிசையில் நிற்பவை கிட்டத்தட்ட இலவசம். ஆனால் அவற்றுக்கு நேரமும் முறையும் வேண்டும், அதனால்தான் புட்டிகள் நன்றாக விற்கின்றன.

எதற்கு மிரள்கிறது?

விலங்கைப் பொறுத்தவரை புயல் வெறும் சத்தமல்ல. வானம் இருள்கிறது, காற்றழுத்தம் இறங்குகிறது, காற்று வலுக்கிறது, ஈரத்தின் வாசம் வருகிறது, ஜன்னலில் மின்னல் பாய்கிறது, தரை அதிர்கிறது. இடி கடைசியில்தான் வருகிறது. இந்த வரிசை சில தடவை நடந்துவிட்டால், முதலில் வரும் இருட்டுக்கே உடல் பதறத் தொடங்கும். நமக்கு எதுவும் கேட்காதபோதே நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வது இப்படித்தான். ஒவ்வொரு வழியையும் எடைபோடும்போது இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். மின்விசிறியின் இரைச்சல் ஓசையை ஓரளவு மூடும், மின்னலை மூடாது. திரைச்சீலை மின்னலை மூடும், அதிர்வை மூடாது. வாசனைக் கருவி இவற்றில் எதையுமே தொடுவதில்லை.

நாயின் பயம் கண்ணுக்குத் தெரியும்: மூச்சிரைப்பு, நடுக்கம், எச்சில் வடிதல், திரும்பத் திரும்பக் கொட்டாவி, உதட்டை நக்குதல், ஓரிடத்தில் நில்லாமல் அலைதல், கதவைப் பிறாண்டுதல். பூனையின் பயம் தெரியாது. அது உடலைத் தாழ்த்தி, காதுகளைப் பக்கவாட்டில் மடக்கி, கண்பாவை விரிய ஓர் இடுக்கில் மறைந்துவிடும். "எங்கள் பூனைக்கு இடியெல்லாம் பொருட்டே இல்லை" என்று சொல்லப்படும் வீடுகளில், மழை நின்று வெகுநேரம் ஆகியும் அது சாப்பிட வராமல் இருக்கிறதா, மணல் தட்டுக்குப் போகாமல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இடிக்கு அஞ்சும் நாய்களுக்குப் புயலின் ஒலிப்பதிவைப் போட்டு, எச்சிலில் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோனின் அளவைப் பார்த்த ஆய்வொன்றை நான்சி ட்ரெஷலும் டக்ளஸ் கிரேஞ்சரும் 2005இல் வெளியிட்டார்கள். அளவு 207 சதவீதம் உயர்ந்தது. 40 நிமிடம் கழித்தும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. அதாவது மழை விட்டாலும் உடல் விடுவதில்லை. ஒரே மாலையில் இரண்டாவது புயல் வந்தால் அதன் பாதிப்பு முதலாவதைவிடக் கடுமையாக இருக்கக்கூடும். எனவே முதல் புயல் ஓய்ந்ததும் மறைவிடத்தைக் கலைத்துவிடாதீர்கள்.

முதலில் ஒரு சோதனை: சாப்பிடுகிறதா?

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்ய, தொலைவில் முதல் இடி கேட்கும்போது, வழக்கமாக உயிரை விடும் தீனி ஒன்றைச் சிறு துண்டாக நீட்டிப் பாருங்கள்.

வழக்கம்போல மெதுவாக வாங்கிச் சாப்பிட்டால் பயம் லேசானது. வீட்டிலேயே செய்யும் பயிற்சிகள் போதும். கையைக் கடிப்பதுபோல வெடுக்கென்று பறித்தால், அல்லது வாயில் வாங்கிக் கீழே போட்டுப் பிறகு எடுத்தால், எல்லைக்கோட்டில் நிற்கிறது. மறைவிடமும் ஒலி மறைப்பும் முதலில், பயிற்சி அதற்குப் பிறகு. தீனியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை என்றால் அந்த நேரத்தில் மூளை எதையும் கற்றுக்கொள்ளும் நிலையில் இல்லை. அங்கே பயிற்சி வேலைக்கு ஆகாது. தங்குமிடம் கொடுத்துவிட்டு, புயல் ஓய்ந்தபின் கால்நடை மருத்துவரைப் பார்க்கும் நாளைக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். பூனைகள் லேசான பதற்றத்திலேயே உணவை விட்டுவிடும் என்பதால் அவற்றுக்கு இந்தச் சோதனை அவ்வளவு துல்லியமில்லை. மறைவிடத்திலிருந்து தலையையாவது நீட்டுகிறதா என்பதை அளவாகக் கொள்ளலாம்.

கீழே வருபவை எல்லாம் இந்த மூன்று நிலைகளை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை.

இடி விழுந்த கையோடு தீனி

இருப்பதிலேயே எளியது, இருப்பதிலேயே அதிகம் பலித்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபனி ரீமர், வெடிச்சத்தத்துக்கு அஞ்சும் நாய்களின் உரிமையாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் எது உதவியது என்று கேட்டு, 2020இல் முடிவுகளை வெளியிட்டார். சத்தம் வந்தவுடன் தீனியோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பலன் கண்டதாகச் சொன்னார்கள். தளர்வுப் பயிற்சிக்கும் மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளுக்கும் ஏறத்தாழ 69 சதவீதம். ஒலிப்பதிவுப் பயிற்சிக்கு 55ஐ ஒட்டி. இறுக்கச் சட்டைக்கு 44. ஃபெரோமோன், மூலிகை, துணை உணவு, வாசனை எண்ணெய், ஹோமியோபதி, பூச்சொட்டு எல்லாம் 27க்கும் 35க்கும் இடையே. இந்தக் கடைசித் தொகுதி, வெறும் நம்பிக்கையாலேயே வரக்கூடிய பலனைத் தாண்டவில்லை. இது உரிமையாளர்களின் கணிப்பு, ஆய்வுக்கூட அளவீடு அல்ல. கேட்கப்பட்டதும் வெடியைப் பற்றி, இடியைப் பற்றி அல்ல. இருந்தாலும் இவ்வளவு வழிகளை ஒரே தராசில் வைத்துப் பார்க்க இதைவிட வசதியான ஒப்பீடு கிடைப்பது அரிது.

செய்முறை இதுதான். பட்டாணி அளவுத் துண்டுகளாக ஐம்பது, அறுபது தயார் செய்து மூடிய டப்பாவில் வையுங்கள். தோல், எலும்பு, உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வேகவைத்த கோழி இறைச்சி நன்றாக எடுபடும். இடி கேட்ட ஓரிரு நொடிக்குள் ஒரு துண்டு. ஒவ்வோர் இடிக்கும், சின்ன முனகலுக்கும்கூட, தவறாமல். நாய் 'நல்லபடியாக' நடந்துகொண்டதா என்று பார்க்க வேண்டாம். இது நடத்தைக்குக் கொடுக்கும் பரிசு இல்லை. இடிச் சத்தம் நல்லது ஒன்றைக் கொண்டுவருகிறது என்று உடலுக்குப் பழக்குவதுதான் வேலை. அன்றைய இரவு உணவில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் கெடுவது வரிசையில்தான். வானம் இருண்டதும் பதறிப்போய்த் தீனியை நீட்டுகிறோம், அதற்குப் பிறகு இடி விழுகிறது. இப்படி நாலைந்து தடவை நடந்தால் நாய் கற்றுக்கொள்வது நேர்மாறானது: கோழித்துண்டு வந்தால் அடுத்து இடி வரும். பிறகு டப்பாவைத் திறக்கும் ஓசைக்கே ஓடி ஒளியும். அதனால் முதலில் இடி, பிறகு தீனி. டப்பாவை மழையில்லாத நாட்களிலும் அவ்வப்போது திறந்து கொடுங்கள்.

சாப்பாட்டில் நாட்டமில்லாத நாய்களுக்கு இழுவை விளையாட்டு இதே வேலையைச் செய்யும். பூனைக்கு நக்கிச் சாப்பிடும் கூழ் உணவு எளிது. மறைவிடத்தின் வாசலில் கரண்டியால் நீட்டுங்கள், அதை வெளியே இழுக்காதீர்கள்.

மறைவிடம்

இதற்கு மாற்றே இல்லை. வேறு எதைத் தேர்ந்தாலும் இது அடித்தளமாக இருக்க வேண்டும். இடத்தை நாம் தீர்மானிப்பதைவிட, விலங்கு ஏற்கெனவே எங்கே ஓடுகிறது என்று பார்த்து அந்த இடத்தை மேம்படுத்துவது நல்லது. வெளிச்சுவர் இல்லாத உள்ளறை, படிக்கட்டின் அடி, அலமாரியின் கீழ்த்தட்டு, குளியலறை ஆகியவைதான் வழக்கமான தேர்வுகள்.

ஜன்னல் இருந்தால் தடித்த திரையைப் புயலுக்கு முன்பே இழுத்துவிட்டு, அறை விளக்கைப் போட்டுவையுங்கள். இருட்டறையில்தான் மின்னலின் பளிச்சென்ற வேறுபாடு கண்ணை அடிக்கும். விளக்கு எரிந்தால் அது மங்கும். மேசை மேல் கம்பளி போர்த்தி மூன்று பக்கம் மூடி, ஒரு பக்கம் காற்றுக்கும் வழிக்கும் விடுங்கள். தரையில் தடித்த மெத்தை போட்டால் அதிர்வு குறையும். தண்ணீர்க் கிண்ணம் அருகில். பூனைக்கென்றால் இரண்டு வாசல் உள்ள அட்டைப்பெட்டியும், எட்டும் தூரத்தில் மணல் தட்டும்.

கதவைச் சாத்தாதீர்கள். கூண்டுக்குப் பழகிய நாய் திறந்த கூண்டில் நிம்மதியாகப் படுக்கும். அதே நாயை உள்ளே தள்ளித் தாழிட்டால், பீதியில் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்வதும் நகத்தைப் பிய்த்துக்கொள்வதும் கால்நடை மருத்துவமனைகளில் அடிக்கடி பார்க்கும் காயங்கள்.

குளியலறைக்கு ஓடும் நாய்களைப் பற்றி ஒரு கூற்று உலவுகிறது: ரோமத்தில் சேரும் நிலைமின்னூட்டத்தைக் குழாய்களின் வழியே இறக்கிக்கொள்கிறது என்று. இதற்கு உறுதியான சான்று இல்லை. ஜன்னல் சிறியது, சுவர் தடிப்பு, தரை குளிர்ச்சி என்ற காரணங்களே போதும். அங்கே படுக்கட்டும்; ஆனால் தொட்டியில் நீர் நிரப்புவதோ, அமைதிப்படுத்துவதற்காகக் குளிப்பாட்டுவதோ கூடாது. அருகில் மின்னல் விழுந்தால் உலோகக் குழாயிலும் நீரிலும் மின்சாரம் பாயும் வாய்ப்பு உண்டு. நிலைமின்னூட்டத்தை நீக்க, துணி உலர்த்தியில் போடும் வாசனைத் தாளால் ரோமத்தைத் தேய்க்கச் சொல்லும் யோசனையையும் ஒதுக்கிவிடுங்கள். அந்தத் தாள்களில் உள்ள வேதிப்பொருளை நக்கினால் வாய்ப்புண்ணும் வயிற்றுக் கோளாறும் வரும், குறிப்பாகப் பூனைக்கு.

ஓசையை ஓசையால் மூடுதல்

ஓர் ஓசையை அதே சுருதியில் உள்ள இன்னோர் ஓசைதான் நன்றாக மூடும். இடியின் வலுவெல்லாம் கனமான அடித்தொனியில் இருக்கிறது. ஆகவே 'உஸ்ஸ்' என்று சீறும் வெள்ளை இரைச்சலைவிட, அருவியின் உறுமல்போல ஒலிக்கும் பழுப்பு இரைச்சல் பொருத்தமானது. பெரிய மின்விசிறியும் அதே வேலையைச் செய்யும். கைபேசியின் ஒலிபெருக்கி இதற்குப் பயன்படாது, அதில் அடித்தொனியே வராது. வூஃபர் (அடித்தொனியை எழுப்பும் பகுதி) உள்ள ஒலிபெருக்கியை ஜன்னலுக்கும் மறைவிடத்துக்கும் நடுவில் வையுங்கள்; குரலை உயர்த்தாமல் பேச முடிகிற அளவு ஒலி போதும். தொலைக்காட்சி மோசமான தேர்வு. வசனம், விளம்பரம், வெடிச்சத்தம் என்று ஏற்ற இறக்கம் அதிகம்.

இசை? ஸ்காட்லாந்தில் விலங்குக் காப்பகத்தில் இருந்த நாய்களை வைத்து 2017இல் வெளிவந்த கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வில், மென்மையான ராக்கும் ரெகேயும் இதயத் துடிப்பின் வழியே பார்த்தபோது அதிகத் தளர்வைக் காட்டின. அதே குழுவின் முந்தைய ஆய்வில், செவ்வியல் இசையின் பலன் ஓரிரு நாளிலேயே தேய்ந்துபோனது; ஒரே பாட்டைத் தினமும் போட்டால் நாய்க்கும் அலுத்துவிடும் போலிருக்கிறது. கவனிக்க: அங்கே இடி எதுவும் இல்லை. இசை ஒரு பின்னணி, அவ்வளவுதான்.

மின்விசிறியோ இசையோ, புயலுக்கு மட்டும் போட்டால் அதுவே புயலின் முன்னறிவிப்பாகிவிடும். தெளிந்த வானம் உள்ள நாட்களிலும் போடுங்கள். காதில் பஞ்சைத் திணிப்பது வேண்டாம், உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும்.

ஒலிப்பதிவுப் பயிற்சியா, பாய்ப் பயிற்சியா?

இரண்டும் பருவத்துக்கு முன்பே தொடங்க வேண்டியவை. நாளை மழை என்றால் இரண்டுமே உதவாது.

ஒலிப்பதிவுப் பயிற்சியில், இடியின் பதிவை நாயின் காது லேசாகத் திரும்புகிற அளவுக்கு, அதற்கு மேல் துளியும் போகாமல் ஒலிக்கவிட்டு, ஒவ்வோர் இடிக்கும் தீனி கொடுக்கிறோம். ஒரு தடவைக்கு ஐந்திலிருந்து பத்து நிமிடம், நாளுக்கு ஒன்றிரண்டு தடவை. தொடர்ந்து மூன்று அமர்வுகளில் நாய் நிம்மதியாக இருந்தால்தான் ஒலியை ஒரு படி ஏற்றலாம். உதட்டை நக்கினாலோ எழுந்து போனாலோ இரண்டு படி இறக்கிவிட்டு அங்கிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். அறையையும் ஒலிபெருக்கியின் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். வாரக்கணக்கில், சில விலங்குகளுக்கு மாதக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு ஒரே நாளில் ஒலியைக் கூட்டினால் பயம் குறையாது, அதிகமாகும். இந்த வழியின் மிகப் பெரிய ஆபத்து இதுதான்.

இதற்கு இயல்பாகவே ஓர் எல்லையும் உண்டு. பதிவில் மின்னல் இல்லை, அழுத்த மாற்றம் இல்லை, தரையின் அதிர்வு இல்லை. பதிவுக்கு அசையாத நாய் உண்மையான புயலில் நடுங்குவது சகஜம். குட்டிகளுக்கு இது அருமையான தடுப்பு. ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை நாய்க்குட்டியின் மூளை புதியதை எளிதில் ஏற்றுக்கொள்ளும். அப்போது தாழ்ந்த ஒலியில் இடியைக் கேட்டுக்கொண்டே விளையாடிய குட்டிக்குப் பின்னாளில் சிக்கல் குறைவு. பல வருடப் பயத்தைச் சுமக்கும் பெரிய நாய்க்கு நாங்கள் பாய்ப் பயிற்சியையே முதலில் சொல்வோம்.

பாய்ப் பயிற்சி தளர்வுப் பயிற்சியின் ஒரு வகை, இதில் சத்தமே கிடையாது. அமைதியான நாளில் ஒரு குறிப்பிட்ட பாயை விரித்து, நாய் அதில் படுத்ததும் முன்னங்கால்களுக்கு இடையே ஒரு துண்டு. இடுப்பைச் சாய்த்தால் இன்னொன்று, தலையைத் தரையில் வைத்தால் இன்னொன்று. பேச்சு இல்லாமல், மெதுவாக, பத்து நிமிடம். பிறகு பாயைச் சுருட்டி எடுத்துவைத்துவிட வேண்டும். நாளாக நாளாக, பாயை விரித்தாலே உடல் தளர்கிற பழக்கம் வரும். அதன் பிறகே அதை மறைவிடத்துக்குக் கொண்டுபோகலாம். பழக்கம் வேரூன்றும் முன்பே புயலில் விரித்தால் பாயும் பயத்தோடு சேர்ந்துகொள்ளும். ஒலிப்பதிவைப் போலன்றி, இதில் தவறு செய்தாலும் வீணாவது பாயின் பழக்கம்தான், விலங்குக்குப் பெரிய கேடில்லை. எங்கள் ஓட்டு இதற்கு விழ அது முக்கியமான காரணம்.

இறுக்கச் சட்டை

மார்பையும் வயிற்றையும் சீராக அழுத்தும் துணி உறை. பதினெட்டு நாய்களில் 2013இல் ஒரு வகை உறையைச் சோதித்தபோது, ஐந்தாவது தடவைக்குள் இடிப் பயத்தின் மதிப்பெண் சராசரியாக 47 சதவீதம் இறங்கியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க உறை அணியாத குழு எதுவும் அந்தச் சோதனையில் இல்லை. நிலைமின்னூட்டத்தைத் தடுப்பதாகச் சொல்லி விற்கப்பட்ட மேலங்கியை 2009இல் சாதாரண மேலங்கியோடு ஒப்பிட்டார்கள். இரண்டிலுமே நாய்கள் தேறின, இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே உலோக நூல் உள்தையல் என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டாம்.

வாங்குவதாக இருந்தால் அளவுதான் எல்லாம். துணிக்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். அக்குளில் உராயக் கூடாது. முதல் சில தடவை அமைதியான நாளில், ஐந்து நிமிடம், தீனியோடு. ஒவ்வொரு மணி நேரமும் கழற்றித் தோலைப் பாருங்கள். புழுக்கமான நாளிலும், தட்டை மூக்கு இனங்களுக்கும் உடல் சூடேறும் ஆபத்து உண்டு. சட்டை போட்டதும் சிலையாக நிற்கும் நாய் அமைதியடைந்துவிட்டதாக எண்ண வேண்டாம். நடக்கச் சொல்லிப் பாருங்கள்; நடக்க மறுத்தால் அது உறைந்திருக்கிறது, சட்டை அதற்கு ஒத்துவரவில்லை. பூனைகளில் பல, இதைப் போட்டதும் பக்கவாட்டில் சரிந்து அப்படியே கிடக்கும். அவற்றுக்கு வேண்டாம்.

ஃபெரோமோன், துணை உணவு, எண்ணெய்

தாய் நாய் பாலூட்டும் காலத்தில் சுரக்கும் பொருளின் செயற்கை நகல்தான் நாய்களுக்கான ஃபெரோமோன். ஒலிப்பதிவு இடியை வைத்துப் பீகிள் நாய்களில் செய்த சோதனையில், ஃபெரோமோன் கழுத்துப்பட்டை அணிந்தவை போலிப் பட்டை அணிந்தவற்றைவிடக் குறைவாக அஞ்சின, மறைவிடத்தையும் அதிகம் நாடின. கெடுதல் இல்லாத துணை; தனியாகப் போதாது. மின்செருகிக் கருவியைக் குறைந்தது ஒரு நாள் முன்பே போட்டு, சோபாவின் பின்னால் ஒளிக்காமல் திறந்த இடத்தில் வையுங்கள். புட்டி ஏறத்தாழ ஒரு மாதம் வரும். தெளிப்பானில் ஆல்கஹால் இருப்பதால் படுக்கையில் தெளித்துப் பதினைந்து நிமிடம் கழித்தே விலங்கை விட வேண்டும். நாயினுடையது பூனைக்கு வேலை செய்யாது, பூனையினுடையது நாய்க்கும் அப்படியே.

துணை உணவுகளில் பால் புரதத்திலிருந்து வரும் ஆல்ஃபா-காசோசெபைன், தேயிலையில் உள்ள எல்-தியானைன் இரண்டும் ஓரளவு ஆராயப்பட்டவை. இடி கேட்டபின் கொடுத்துப் பலனை எதிர்பார்க்கக் கூடாது; ஓரிரு நாள் முன்பே தொடங்க வேண்டும். புயல்கள் அடுத்தடுத்து வரும் பருவம் முழுக்கக் கொடுப்பதற்கே இவை ஏற்றவை. தூக்க ஹார்மோனான மெலடோனினைச் சிலர் மனிதர்களுக்கான மிட்டாய் வடிவில் வாங்கிக் கொடுக்கிறார்கள். அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் நாயின் ரத்தச் சர்க்கரை சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைக் கொடுக்கிறீர்கள் என்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். டிராசோடோன் போன்ற பதற்றம் தணிக்கும் மருந்தோடு சேர்ந்தால் செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் அளவு மீறிப் போகலாம்.

வாசனை எண்ணெயை நாங்கள் பட்டியலின் அடியில் வைக்கிறோம், பூனையோ பறவையோ இருக்கும் வீட்டில் பட்டியலிலிருந்தே நீக்குகிறோம். பல எண்ணெய்களில் உள்ள பொருட்களைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதி பூனைக்கு மிகக் குறைவு. ஆவிக்கருவி காற்றில் விடும் நுண்துளிகள் ரோமத்தில் படிந்து, பூனை நக்கும்போது உள்ளே போகின்றன. தேயிலை மர எண்ணெய், புதினா, இலவங்கப்பட்டை, சிட்ரஸ் வகைகள் குறிப்பாகக் கெடுதல். பறவையின் நுரையீரல் இன்னும் நுட்பமானது. லாவெண்டர் நாய்களைக் காரில் அமைதிப்படுத்தியதாக ஆய்வு உண்டு. ஆனால் கார் பயணத்தின் பரபரப்பும் இடிப் பீதியும் ஒன்றல்ல.

கொஞ்சலாமா, கண்டுகொள்ளாமல் விடலாமா?

தடவிக் கொடுத்தால் பயம் கூடும் என்பது பழைய நம்பிக்கை. பயம் ஓர் உணர்ச்சி. உட்காரக் கற்றுக்கொடுப்பதுபோலப் பரிசு கொடுத்து அதை வளர்க்க முடியாது. மேலே சொன்ன 2005 ஆய்விலும் உரிமையாளர் நடந்துகொண்ட விதம் நாயின் கார்டிசாலைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அதே வீட்டில் வேறு நாய் இருந்தவை மட்டும் சீக்கிரம் தேறின. (இதற்காக இரண்டாவது நாய் வாங்கப் போய்விடாதீர்கள், அதுவும் பயந்தாங்கொள்ளியாக அமையலாம்.) விலங்கு தானாக வந்து ஒட்டினால் மெதுவாகத் தடவுங்கள், விலகிப் போனால் விட்டுவிடுங்கள். திட்டுவது மட்டும் கூடவே கூடாது.

அப்படியானால் எதைத் தேர்வது?

இன்னும் ஒரு மணி நேரத்தில் புயல் என்றால்: நாயை வெளியே கூட்டிப்போய்ச் சிறுநீர், மலம் கழிக்கவிட்டு, மோப்பம் பிடித்துக்கொண்டு சற்று நடக்கவிட்டு உடனே திரும்புங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எத்தனை நொடி என்று எண்ணி மூன்றால் வகுத்தால் புயல் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று தெரியும். ஆனால் இடி காதில் விழுந்துவிட்டாலே வெளியே இருக்கக் கூடாது, கடைசி இடிக்கு அரை மணி நேரம் கழித்தே அடுத்த நடை. ஜன்னலையும் பால்கனிக் கதவையும் பூட்டுங்கள். கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் இருக்கட்டும், பீதியில் ஓடும் நாய் வெகுதூரம் போய்விடும். பிறகு திரை, விளக்கு, மின்விசிறி, தீனி டப்பா. இன்றைக்கு இவ்வளவுதான்.

பருவத்துக்கு இரண்டு மாதம் இருந்தால் பாய்ப் பயிற்சியை இன்றே தொடங்குங்கள். அது பழகிய பின் விருப்பமிருந்தால் ஒலிப்பதிவு. நடுத்தரப் பயமுள்ள நாய்க்குச் சட்டையையும் ஃபெரோமோனையும் சேர்த்துப் பார்க்கலாம். பணம் ஒன்றுக்குத்தான் என்றால் வூஃபர் உள்ள ஒலிபெருக்கியை வாங்குங்கள், மறைப்புக்கும் பயிற்சிக்கும் அதுவே போதும்.

முயலுக்கு இரு வாசல் பெட்டியும் நிறைய வைக்கோலும் போதும். கூண்டுப் பறவைக்குக் கூண்டை மூன்று பக்கம் மூடி, சிறிய இரவு விளக்கு ஒன்று. முழு இருட்டில் மிரண்டு படபடத்தால் இறகு ஒடியும்.

வயதான விலங்கு திடீரென்று இடிக்கு அஞ்சத் தொடங்கினால் இந்தப் பட்டியலையெல்லாம் விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். மூட்டு, தசை வலியுள்ள நாய்களில் ஒலிப் பயம் மற்றவற்றைவிடப் பிந்திய வயதில் தொடங்குவதை 2018இல் வந்த ஆய்வொன்று காட்டியது. சத்தத்துக்கு உடல் விறைக்கும்போது வலி எழுகிறது, அந்த வலி சத்தத்தோடு ஒட்டிக்கொள்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். வலியைக் கவனிக்காமல் பயத்துக்குப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை.

தீனியைத் தொடாத, கதவை உடைக்கும், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் விலங்குக்கு 'இயற்கையாக மட்டும்' என்று பிடிவாதம் பிடிப்பது அதற்கு நாம் செய்யும் நல்லதல்ல. ஈறுக்கும் கன்னத்துக்கும் இடையே தடவும் டெக்ஸ்மெடெடோமிடின் கூழை, நாய்களின் ஒலி அச்சத்துக்கென்றே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அங்கீகரித்திருக்கிறது. அதை விழுங்கவிட்டால் பலன் குறையும், அதனால் தீனியோடு கலக்கக் கூடாது. மருத்துவர் எழுதக்கூடிய வேறு மருந்துகளும் உண்டு. அசிப்ரோமசின் என்ற மயக்க மருந்து மட்டும் தனியாகக் கொடுக்கப்பட்டால் கேள்வி கேளுங்கள்: அது உடலை அசையவிடாமல் செய்யும், பயத்தை அப்படியே விட்டுவைக்கும். மருந்து பயத்தை ஒரு மட்டத்துக்கு இறக்கினால் நாய் மறுபடி சாப்பிடத் தொடங்கும்; அங்கிருந்து மேலே சொன்ன பயிற்சிகள் எடுபடும்.

எது பலித்தது என்பதை நினைவை நம்பித் தீர்மானிக்க வேண்டாம். ஒரு புயல் போல இன்னொன்று இருப்பதில்லை. லேசான மழையில் போட்ட சட்டைக்குப் பெயர் கிடைத்துவிடும். கைபேசியில் வீடியோ எடுத்து மூன்றை மட்டும் குறியுங்கள்: இடி எவ்வளவு அருகில் இருந்தது, எந்த நேரம் வரை தீனி வாங்கியது, கடைசி இடிக்குப் பின் வழக்கமான நிலைக்கு வர எவ்வளவு நேரம் ஆனது. ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும், குறைந்தது நான்கைந்து புயல்களுக்கு. புதிதாக வாங்கிய எந்த மாத்திரையையும், மருத்துவர் எழுதியது உட்பட, முதல் தடவை மழையில்லாத நாளில் வீட்டில் ஆள் இருக்கும்போது கொடுத்துப் பாருங்கள். சில விலங்குகள் அமைதியடைவதற்குப் பதிலாகக் கிளர்ச்சியடையும். அது புயலின் நடுவில் தெரியவந்தால் எது மருந்தால், எது இடியால் என்று பிரித்தறிய முடியாது.